மெய்க்காப்பாளனின் பொய்க்காதல்

நள்ளிரவு. ஒரு பெண் தன் அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் வழியாக ஒருவன் உள்ளே வருகிறான். அவளைத் தொடவில்லை, எதையும் திருடவில்லை. ஓரமாக நின்று அவள் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் விழிப்பதற்குள் போய்விடுகிறான். மறுநாளும் வருகிறான். அதற்கு மறுநாளும்.

கேள்வி: இது பேய்க்கதையா, போலீஸ் கேஸா, காதல் கதையா?

"காதல் கதை" என்று கை தூக்குபவர்கள் எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தூக்கிய கையை இறக்காதீர்கள், அப்படியே வைத்துக்கொண்டு படியுங்கள். உங்களோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன் :-)

நான் சொல்ல வருவது ஒரு தனி ரகக் கதையைப் பற்றி. ஒருவருக்கு ஆபத்து. அவரைக் காக்க இன்னொருவர் வருகிறார். இரண்டில் ஒருவர் சாதாரண மனிதர் இல்லை. ரத்தக்காட்டேரி, பிசாசு, வேற்றுக்கிரகவாசி, பிறவியிலேயே அசுர பலம் உள்ளவர், இப்படி ஏதோ ஒன்று. நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருக்க வேண்டிய வேலை. ஆனால் நெருங்கக் கூடாது. அந்த இடைவெளியில் உமியில் வைத்த நெருப்பு மாதிரி புகையாமல், அணையாமல் ஒரு காதல் பிடிக்கும். 'ஸ்லோ பர்ன்' என்று செல்லமாகச் சொல்வார்கள். பத்து எபிசோட் காத்திருந்து விரல் நுனி பட்டால் அதற்கே தலையணையைக் கடித்துக்கொண்டு கத்தும் கூட்டம் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான். படிக்காமல், பார்க்காமல் எட்ட நின்று கல்லெறியும் அறிவுஜீவி வேலையெல்லாம் நமக்கு ஆகாது.

என் சண்டை கதையில் வரும் பேயோடு இல்லை. அந்தப் பேய் செய்யும் காரியங்களுக்கு நாம் கொடுக்கும் இரண்டு சர்டிபிகேட்டுகளோடுதான். ஒன்று, "அவன் அவளைக் காப்பாற்றத்தானே செய்கிறான்". இன்னொன்று, "எவ்வளவு நாள் காத்திருக்கிறான் பார், எவ்வளவு கட்டுப்பாடு". இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எந்த அயோக்கியத்தனத்தையும் காதலாக்கிவிடலாம் என்ற நிலைமை வந்துவிட்டது.

மேலே சொன்ன ஜன்னல் ஆளுக்கு வருவோம். யாரென்று கண்டுபிடித்திருப்பீர்கள். ஸ்டெஃபனி மேயர் எழுதி 2005இல் வந்த 'ட்வைலைட்' நாவலின் எட்வர்ட் கல்லன். பெல்லாவுக்குச் சம்பளமில்லாத பாடிகார்ட். வேன் மோத வந்தால் கையால் நிறுத்துவான், ரவுடிகள் சூழ்ந்தால் காரோடு வந்து நிற்பான். அப்புறம் ராத்திரி ராத்திரி அவளுக்குத் தெரியாமல் அறைக்குள்ளும் வருவான். விஷயம் தெரிந்ததும் பெல்லாவுக்குக் கோபம் வந்ததா? தூக்கத்தில் ஏதாவது உளறித் தொலைத்தோமோ என்ற வெட்கம்தான் வந்தது. அதே கதையை எட்வர்டின் பார்வையில் மேயர் 2020இல் 'மிட்நைட் சன்' என்று வெளியிட்டார். அதில் இன்னொரு தகவல் கிடைக்கிறது. ஜன்னல் கிரீச் என்று சத்தம் போடுகிறதாம். அதனால் ஐயா எண்ணெய் கொண்டுவர முடிவு செய்கிறார். எண்ணெய்! திருடன்கூட இவ்வளவு திட்டம் போடுவானா என்று தெரியவில்லை.

இப்போது ஏழு வருடம் பின்னால் போவோம். 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' என்ற அமெரிக்கத் தொடர், 1997 முதல் 2003 வரை வந்தது. அதன் இரண்டாவது சீசனில் 'பேஷன்' என்று ஒரு எபிசோட், 1998. ஏஞ்சல் என்ற ரத்தக்காட்டேரி முதலில் பஃபிக்குத் துணையாக, காதலனாக இருந்தவன். ஆன்மாவை இழந்து பழைய கொடூரனாகத் திரும்பிவிடுகிறான். அந்த எபிசோடில் அவன் செய்யும் வேலை என்ன தெரியுமா? ராத்திரி பஃபியின் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்து, அவளைப் படமாக வரைந்து, அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறான். காலையில் அதைப் பார்த்த பஃபிக்கு வெட்கம் வரவில்லை. ரத்தம் உறைந்துபோகிறது. நண்பர்களைக் கூட்டி, அவன் இனி வீட்டுக்குள் வரமுடியாதபடி ஒரு சடங்கு செய்கிறாள்.

அதே ஜன்னல். அதே தூங்கும் பெண். அதே மூச்சுவிடாத ஆள். 1998இல் திகில் காட்சி, 2005இல் காதல் காட்சி. நடுவில் என்ன மாறியது? "இவன் நல்லவன், இவளைக் காப்பாற்றுகிறான்" என்று நமக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். செயல் மாறவில்லை. செய்பவனுக்கு நாம் கொடுத்த மார்க்தான் மாறியது.

ரத்தக்காட்டேரிக் கதைகளில் ஒரு பழைய விதி இருக்கிறது. அழைக்காத வீட்டுக்குள் அவன் கால் வைக்க முடியாது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலிலேயே வான் ஹெல்சிங் இதைச் சொல்கிறார். வீட்டு ஆள் ஒருவர் வா என்று கூப்பிட வேண்டும், அப்புறம்தான் நுழைய முடியும். ஆனால் ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் பிறகு இஷ்டம்போல வந்து போகலாம். அதாவது ஸ்டோக்கர் நமக்குக் கதவைக் கொடுத்தார், திரும்பப் பூட்டச் சாவி கொடுக்கவில்லை. 'பஃபி' கொடுத்தது. மந்திரம், சடங்கு என்று கொஞ்சம் சிரமமான சாவிதான், ஆனாலும் சாவி.

சார்லேன் ஹாரிஸ் எழுதிய சூக்கி ஸ்டாக்ஹவுஸ் நாவல் வரிசை (2001-2013) இதை இன்னும் எளிமையாக்கியது. லூசியானாவில் ஒரு சின்ன ஊர், பாரில் பரிமாறும் பெண் சூக்கி. மற்றவர்கள் மனதில் நினைப்பது அவளுக்குக் கேட்கும். அவளைச் சுற்றி பில், எரிக் என்று இரண்டு ரத்தக்காட்டேரிகள். இரண்டு பேரும் அவளுக்குக் காவல், இரண்டு பேரும் அவளுக்குத் தொல்லை. 2003இல் வந்த 'க்ளப் டெட்' நாவலின் முடிவில் பொறுமை போய், உங்கள் அழைப்பை ரத்து செய்கிறேன் என்கிறாள். அவ்வளவுதான். நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்த, காரைத் தூக்கி வீசக்கூடிய இரண்டு ஜந்துக்கள் தங்கள் கால்களாலேயே வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறார்கள். எனக்கு இந்த ரகத்திலேயே மிகவும் பிடித்த காட்சி அதுதான். முத்தக் காட்சி இல்லை, சீட்டுக் கிழிக்கும் காட்சி.

ஏன் பிடிக்கும் என்றால், சாதாரண பாடிகார்ட் கதையில் இந்த உரிமை சொல்லாமலே இருக்கிறது. 1992இல் வந்த 'த பாடிகார்ட்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெவின் காஸ்ட்னர் காவலாளி, விட்னி ஹூஸ்டன் பாடகி. லாரன்ஸ் காஸ்டன் எழுபதுகளில் ஸ்டீவ் மக்வீனை மனதில் வைத்து எழுதிய கதை. காவலாளி அவளை ஆயிரம் கட்டுப்பாட்டுக்குள் வைக்கிறான். அங்கே போகாதே, இங்கே நிற்காதே. ஆனால் அவள் முதலாளி. இன்றோடு கிளம்பு என்று சொன்னால் கதை முடிந்தது. ஒருநாள் நெருங்கிவிட்ட பிறகு, இப்படி இருந்தால் உன்னைக் காக்க முடியாது என்று விலகுகிறவனும் அவன்தான். கடைசியில் அவளுக்காகக் குண்டு வாங்குகிறான், அப்புறம் இரண்டு பேரும் பிரிகிறார்கள். ஒரு முத்தம், ஒரு விமானம், அடுத்த வேலை. அந்தக் காதல் எவ்வளவு சினிமாத்தனமாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் நேர்மையானது: வேலை எது, காதல் எது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நிஜத்திலும் நடக்காமல் இல்லை. மொனாக்கோ இளவரசி ஸ்டெஃபனி தன் பாடிகார்டாக இருந்த டேனியல் டுக்ரூவை 1995இல் கல்யாணம் செய்து, 1996இல் விவாகரத்து செய்தார். 1974இல் கடத்தப்பட்டு உலகத்தையே பேசவைத்த பேட்டி ஹெர்ஸ்ட், ஜாமீனில் இருந்தபோது தனக்குக் காவலுக்கு வந்த போலீஸ்காரர் பெர்னார்ட் ஷாவை (எழுத்தாளர் ஷா இல்லை, பதறாதீர்கள்) 1979இல் மணந்தார். 2013இல் ஷா இறக்கும்வரை சேர்ந்தே இருந்தார்கள். ஆக, காவலுக்கு வந்தவரைக் காதலிப்பதே தப்பு என்று நான் ஜல்லியடிக்க வரவில்லை. இந்த இரண்டு பெண்களும் வேண்டாம் என்றால் அந்த ஆட்கள் வாசலோடு போயிருக்க வேண்டியவர்கள். ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னதும் உண்டு.

அமானுஷ்யம் உள்ளே வந்ததும் அதுதான் காணாமல் போகிறது. பிசாசை எப்படி வேலையைவிட்டுத் தூக்குவீர்கள்? சுவர் வழியாகக் கேட்கிறவனிடம் எப்படிக் கதவைச் சாத்துவீர்கள்? அதனால்தான் அழைப்பு விதி அவ்வளவு முக்கியம். காக்கிறவனுக்கு அளவில்லாத பலம் கொடுக்கிற எழுத்தாளர், காக்கப்படுகிறவள் கையில் ஒரு பூட்டாவது கொடுக்க வேண்டும். மேயர் என்ன செய்தார்? இருந்த பூட்டையும் கழற்றி எறிந்தார். அவருடைய ரத்தக்காட்டேரிகளுக்கு அழைப்பு எதுவும் தேவையில்லை. வெயிலில் மினுமினுப்பதைப் பற்றி ஊரே கிண்டலடித்தது. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. எனக்கு மினுமினுப்பில் ஒரு பிரச்சினையும் இல்லை, மினுக்கிவிட்டுப் போகட்டும்.

அதன் விளைவு அடுத்த பாகங்களில் தெரிகிறது. 2006இல் வந்த 'நியூ மூன்' நாவலில், பெல்லாவின் பாதுகாப்புக்காக என்று அவளைக் கேட்காமலே முடிவெடுத்து விட்டுவிட்டுப் போகிறான். 2007இல் வந்த 'எக்லிப்ஸ்' நாவலில், நண்பனைப் பார்க்கப் போகக்கூடாது என்று அவள் வண்டியின் எஞ்சினைக் கழற்றி வைக்கிறான். தங்கைக்கு ஒரு போர்ஷே கார் வாங்கிக்கொடுத்து அவளை வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறான். எல்லாம் பாதுகாப்புக்காக! போவதும் பாதுகாப்பு, போகவிடாமல் தடுப்பதும் பாதுகாப்பு. அந்த நண்பனுடைய வீட்டில் நிஜமாகவே ஆபத்து இருந்ததா என்று கேட்பவர்களுக்கு: இருக்கட்டுமே. ஆபத்தை விளக்கிச் சொல்வது காவல். எஞ்சினைக் கழற்றுவது வேறு.

இனி அந்த இரண்டாவது சர்டிபிகேட். "காத்திருக்கிறான்."

காத்திருப்பு அழகுதான். ஆனால் எதற்காகக் காத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டாமா? 'மை லவ் ஃப்ரம் த ஸ்டார்' என்ற கொரியத் தொடர் டிசம்பர் 2013 முதல் பிப்ரவரி 2014 வரை ஓடியது, 21 எபிசோட். 1609இல் கொரியாவில் வந்து இறங்கிய வேற்றுக்கிரகவாசி, நானூறு வருடம் கழித்துப் பக்கத்து வீட்டு நடிகைக்குக் காவலாகிறான். (அந்த வருடம் வானத்தில் விசித்திரமான பொருட்கள் தெரிந்ததாக ஜோசன் அரச குறிப்புகளில் நிஜமாகவே இருக்கிறது. கதாசிரியர் கெட்டிக்காரர்.) கொஞ்சநாள் அவளுக்கு மேனேஜராகவும் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறான். நேரத்தை நிறுத்துவான், நினைத்த இடத்தில் தோன்றுவான், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புலம்புவது எல்லாம் அவனுக்குக் கேட்கும். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. தொடரின் பாதி தூரம் வரைக்கும் தெரியாது.

பார்க்கும்போது நானும் உருகினேன், மறுக்கவில்லை. ஆனால் அந்த மெதுவான நெருப்பைப் பிரித்துப் பார்த்தால், அவன் பக்கம் இருப்பது காத்திருப்பு, அவள் பக்கம் இருப்பது குழப்பம். ஒருவருக்கு முழு வினாத்தாளும் தெரியும், இன்னொருவருக்குப் பரீட்சை என்பதே தெரியாது. இதை இருவருக்கும் இடையில் மெல்லக் கனியும் காதல் என்று சொல்வது போங்கு. கனிவது ஒரு பக்கம்தான்.

ரகசியம் எந்தப் பக்கம் இருந்தாலும் இதே கதிதான். பேய் பிசாசு இல்லாத உதாரணம் நம்மூரிலேயே இருக்கிறது: சித்திக் இயக்கத்தில் 2010இல் மலையாளத்தில் 'பாடிகார்ட்' என்று வந்து, 2011இல் தமிழில் விஜய் நடித்து 'காவலன்' ஆன படம். அங்கே மறைப்பது காக்கப்படுகிற பெண். நிழல் மாதிரித் தொடரும் காவலாளியைத் திசைதிருப்ப யாரோ மாதிரி போனில் பேசத் தொடங்கி, அவளே காதலில் விழுகிறாள். எதிரே நிற்கிறவள்தான் போனில் பேசுகிறவள் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. விளைவு, தோழி ஒரே ஒரு பொய்யில் அவனைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறாள், வருடக்கணக்கில் அவன் வேறொருத்தியை அவளென்று நினைத்து வாழ்கிறான். படம் பார்த்து எல்லோரும் தோழியைத் திட்டினோம். பொய்யை ஆரம்பித்து வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

"ஏன்டி, இதெல்லாம் கற்பனைதானே, கதைக்கும் வாழ்க்கைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கா நாங்கள் முட்டாள்கள்?" என்று விடுதியில் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்கிறவர்களோடு எனக்கும் சண்டை உண்டு. ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் காதல் நாவல் படிக்கும் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் பேசிய பெண்கள் பலர் நாள் முழுக்க வீட்டில் உள்ள எல்லோரையும் கவனித்துக்கொள்கிறவர்கள். தங்களை யாராவது கவனித்துக்கொள்வதை அனுபவிக்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த நாவல்கள். பஸ்ஸில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்கையை ஆயுதமாக வைத்துக்கொண்டு பயணம் செய்கிற யாருக்கும், பக்கத்தில் ஒரு அசுர பலக்காரன் நின்றால் நன்றாக இருக்கும் என்று தோன்றாமல் இருக்குமா? அந்த ஆசையில் கேவலம் எதுவும் இல்லை.

என் கோபம் அந்த ஆசைக்கு என்ன விலை போடுகிறார்கள் என்பதில்தான். எங்கள் விடுதியில் பெண்களுக்கு மாலை ஆறரைக்கு கேட் சாத்துவார்கள். பையன்களுக்குப் பத்து மணி. நூலகம் எட்டு வரை திறந்திருக்கும், யாருக்காக என்று கேட்காதீர்கள். அவுட்பாஸ் வாங்க வீட்டிலிருந்து போன் வரவேண்டும். ஏன் என்று கேட்டால் வார்டன் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: "எல்லாம் உங்க சேஃப்டிக்குத்தாம்மா." எட்வர்ட் கல்லன் எஞ்சினைக் கழற்றியபோது சொன்ன அதே காரணம்! எட்வர்டாவது பார்க்க நன்றாக இருப்பான். 2015இல் டெல்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்' என்று, அதாவது கூண்டை உடை என்று இந்த விடுதி நேரத்துக்கு எதிராகத்தான் கிளம்பினார்கள். பாதுகாப்பு வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்களைக் கேட்டு முடிவு செய் என்றார்கள். பகலில் வார்டனைத் திட்டிவிட்டு ராத்திரி அதே வசனம் பேசும் ஹீரோவுக்குத் தலையணை கடிப்பது எப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை. கற்பனை என்றால் இன்னும் நல்லதாகக் கற்பனை செய்யலாமே? காசா பணமா?

செய்தும் இருக்கிறார்கள். 2017இல் வந்த 'ஸ்ட்ராங் வுமன் டோ பொங் சூன்' தொடரைப் பாருங்கள். பதினாறே எபிசோட். பொங் சூன் குட்டியூண்டு பெண், பஸ்ஸையே நிறுத்தும் பலம். அந்தப் பலம் அவர்கள் குடும்பத்தில் பெண்கள் வழியாக மட்டும் இறங்கி வருவது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அப்பாவிகள்மேல் பிரயோகித்தால் போய்விடும். அவள் அம்மாவுக்கு அப்படித்தான் போயிற்று. கேம் கம்பெனி நடத்தும் மின் ஹ்யூக்குக்கு மிரட்டல் வருகிறது, அவளைப் பாடிகார்டாக வைத்துக்கொள்கிறான். அவள் ரவுடிகளைப் புரட்டி எடுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறான். ஆக, யாருக்கு என்ன பலம் என்பது முதல் எபிசோடிலேயே இரண்டு பேருக்கும் தெரியும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து பிடித்த இன்னொருவன் இருக்கிறான், போலீஸ்காரன். அவனுக்கு மென்மையான பூ மாதிரிப் பெண்தான் பிடிக்கும் என்று நினைத்து அவனிடம் தன் பலத்தை மறைக்கிறாள். அவன் ராத்திரியில் வெளியே போகாதே, ஜாக்கிரதை என்று அறிவுரை சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஒருவன் அவளைக் காக்கத் துடிக்கிறான், ஒருவன் என்னைக் காப்பாற்று என்கிறான். அவள் யார் பக்கம் சாய்கிறாள் என்று சொல்லவும் வேண்டுமா?

குறை இல்லாமல் இல்லை. சம்பளம் கொடுக்கிற முதலாளி வேலைக்காரியிடம் காதல் சொல்வதில் உள்ள சிக்கலைத் தொடர் கண்டுகொள்வதே இல்லை. ஒருபால் ஈர்ப்பை வைத்து அடித்த ஜோக்குகள் மகா மட்டம், ஓட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் பலத்துக்கு ஒரு எல்லை, எல்லை மீறினால் தண்டனை, அந்தப் பலம் இருப்பது காக்கப்படுகிறவருக்கும் தெரியும் என்ற மூன்றும் சேர்ந்திருப்பதால் அந்தக் காதல் மூச்சுவிடுகிறது. ஒரு கட்டத்தில் வில்லன் சூழ்ச்சியால் அவள் பலம் போய்விடுகிறது. மாடியில் வெடிகுண்டோடு அவளைக் கட்டிப்போடுகிறான். போ என்று அவள் கெஞ்சியும் மின் ஹ்யூக் போக மறுக்கிறான். அவனால் அவளைக் காப்பாற்ற முடியாது, அது அவனுக்கும் தெரியும். பலம் எதுவும் இல்லாத இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். பதினைந்து எபிசோட் எரிந்த நெருப்புக்கு அங்கேதான் அர்த்தம் வருகிறது.

இன்னொன்று 'மை டீமன்'. நவம்பர் 2023இல் தொடங்கி ஜனவரி 2024இல் முடிந்தது. இது அப்படியே நம் பாடத்திட்டத்தில் உள்ள கதை. ஹீரோ ஜங் கு வோன் ஒரு பிசாசு. ஆசைப்பட்டதைக் கொடுத்து, பத்து வருடம் கழித்து ஆன்மாவை எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தக்காரன். ஹீரோயின் டோ டோ ஹீ பெரிய கம்பெனிக் குடும்பத்தின் வாரிசு, அவளைக் கொல்ல ஆள் அலைகிறது. ஒரு விபத்தில் அவன் சக்தியின் மூலமான டாட்டூ அவள் மணிக்கட்டுக்கு இடம் மாறிவிடுகிறது. அதற்கப்புறம் அவள் மணிக்கட்டைப் பிடித்தால்தான் அவனால் சக்தியைப் பயன்படுத்த முடியும். அவளுக்குப் பாடிகார்ட் வேலைக்கு வருகிறான், பிறகு ஒப்பந்தக் கல்யாணம், பிறகு மற்றதெல்லாம்.

அந்த டாட்டூ யோசனைக்காகவே எழுதியவர் கையைக் குலுக்க வேண்டும். பிசாசின் பலம் மனுஷி கையில்! அவள் செத்தால் அவனும் போச்சு. ஆகவே அவன் காப்பது அவளையா தன்னையா என்ற சந்தேகம் முதல்நாளிலிருந்தே நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது, அவளுக்கும் தெரியும், முகத்துக்கு நேராகக் கேட்கவும் செய்கிறாள். அடியாட்கள் சூழ்ந்து நிற்க, கையை விடாமல் இரண்டு பேரும் டாங்கோ ஆடிக்கொண்டே சண்டை போடும் காட்சியை ஸ்டைலுக்காக எல்லோரும் பகிர்ந்தார்கள். என் கண்ணில் பட்டது வேறு. அவள் ஆடாமல் கையை உதறினால் அவன் வெறும் கோட்டு போட்ட ஆள். தொடரின் பின்பாதி முன்ஜென்மம், விதி என்று வழக்கமான சேற்றில் கால் வைத்து இந்த நல்ல விஷயத்தை வீணடித்ததில் எனக்கு வருத்தம் உண்டு. முன்ஜென்மம் என்று வந்தால் இந்த ஜென்மத்தில் சம்மதம் கேட்கும் வேலை மிச்சம் பாருங்கள், எழுத்தாளர்களுக்கு அது வசதி.

பூட்டு கொடுத்த கதைகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன என்றும் நான் சொல்ல மாட்டேன். சூக்கி நாவல்களை வைத்து எடுத்த 'ட்ரூ ப்ளட்' தொடரில் (2008-2014) பில் அவளைத் தேடி வந்ததே ராணி அனுப்பித்தான் என்று மூன்றாவது சீசன் கடைசியில் தெரியவருகிறது. எரிக் அவளைத் தந்திரமாகத் தன் ரத்தத்தைக் குடிக்க வைக்கிறான், அதற்கப்புறம் அவள் எங்கே பயந்தாலும் அவனுக்குத் தெரியும். சம்மதமில்லாத ஜிபிஎஸ். நாலாவது சீசனில் (2011) அவள் இல்லாத நேரம் பார்த்து அவள் வீட்டையே விலைக்கு வாங்கிவிடுகிறான். சொந்த வீட்டுக்குள் போக யார் அழைப்பு வேண்டும்? ஆனால் இந்த இடத்தில் தொடர் நம்மிடம் தலையணையை நீட்டவில்லை. சூக்கி கத்துகிறாள், நமக்கும் கத்தத் தோன்றுகிறது. விதியை வைத்துக்கொண்டு அதை மீறுவதைக் காட்டுவது ஒன்று, விதியே இல்லை என்று மறைப்பது இன்னொன்று.

சரி, "குறை மட்டும் சொல்கிறாயே, ஒரே ஒரு கதையைச் சிபாரிசு செய்" என்று கேட்பவர்களுக்கு, அதே சூக்கி வரிசையில் 2004இல் வந்த 'டெட் டு த வேர்ல்ட்'. அதில் எல்லாமே தலைகீழ். சூனியக்காரியின் சாபத்தில் எரிக்குக்கு நினைவெல்லாம் அழிந்து, நட்டநடு ராத்திரியில் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறான். ஆயிரம் வயது ரத்தக்காட்டேரி, யாரென்றே தெரியாமல் பயந்து நடுங்குகிறான். அவனை ஒளித்துவைத்துக் காக்கும் வேலை பாரில் பரிமாறும் சூக்கிக்கு வருகிறது. அவள் அண்ணன் ஜேசன் உட்கார்ந்து காசு பேசுகிறான், கறாராக, கறிக்கடையில் பேரம் பேசுவது மாதிரி. கூலி முடிவாகிறது. யார் காவல், யார் காக்கப்படுகிறவர், எவ்வளவு சம்பளம் எல்லாம் முதல் நாளே தெளிவு. அதற்கப்புறம்தான் அவளுடைய வீட்டில், அவளுடைய அழைப்பில், அந்தக் காதல் பிடிக்கிறது. கடைசியில் சாபம் நீங்கி எரிக்குக்குப் பழைய நினைவு எல்லாம் திரும்புகிறது, அந்த வீட்டில் இருந்த நாட்களைத் தவிர. என்ன நடந்தது என்று அவளைத்தான் கேட்கிறான். சொல்வதா வேண்டாமா என்பது அவள் கையில்.